வயிறு கனக்கிறது என்பவருக்கு நாம் செய்யக்கூடியவை

புற்றுநோய் முற்றிய ஒருவர் வீட்டில் படுத்திருக்கிறார். "வயிறு கல்லாய்க் கிடக்கிறது, சோறு வேண்டாம்" என்கிறார். நாம் என்ன செய்கிறோம்? "நாலு வாய் தின்றால்தானே தெம்பு வரும்" என்று தட்டை நீட்டுகிறோம். அன்பினால்தான் செய்கிறோம். ஆனால் அந்த நிலையில் வயிற்றுக்குள் நீர் சேர்ந்திருக்கலாம்; ஈரல் வீங்கி இரைப்பையை நெருக்கலாம். இடமில்லாத வயிற்றில் திணித்த சோறு குமட்டலாகவே திரும்பும். அவர் சாப்பிடாததால் நோய் முற்றவில்லை. நோய் முற்றியதால்தான் சாப்பிட முடியவில்லை. வீட்டுப் பெரியவர்களுக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

ஆகவே தட்டு வேண்டாம், சிறு கிண்ணம் போதும். இரண்டு மணிக்கு ஒருமுறை, அவர் விரும்பினால், நாலைந்து கரண்டி கஞ்சி கொடுக்கலாம். ஆறிய உணவில் வாடை குறைவு. பெலாச்சான் வறுக்கும் நெடி அவர் அறைக்கு எட்டாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டதும் படுக்க வைக்காமல், முதுகுக்குத் தலையணை கொடுத்து அரை மணி நேரமாவது சாய்ந்து உட்கார வையுங்கள். படுக்கும்போது முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை இருந்தால் வயிற்றுத் தசை தளரும். கைலியை இறுக்கிக் கட்ட வேண்டாம்.

மலச்சிக்கலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மார்பின் போன்ற வலி மருந்துகள் குடலை மந்தமாக்கும். அதற்குப் பயந்து மருந்தை நிறுத்திவிடும் வீடுகள் உண்டு. நிறுத்தாதீர்கள், வலி திரும்பிவிடும். மலமிளக்கியும் சேர்த்துத் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள். நம் பங்குக்கு, காலையில் ஏதேனும் உண்டபின் அவரைக் கழிவறைக்குக் கூட்டிச் செல்லலாம். உணவு இறங்கியதும் குடல் அசையும். உட்காரும் கழிவறையானால் காலடியில் சிறு முக்காலி வைத்து முழங்காலை உயர்த்துங்கள். பிறகு கதவைச் சாத்திவிட்டுக் கூப்பிடு தூரத்தில் நில்லுங்கள். ஆள் நின்றால் கூச்சத்தில் அடக்கிக்கொள்வார்கள்.

வெந்நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி வயிற்றில் வைப்பது சிலருக்குச் சுகம் தரும். கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்ற தோலிலும் மரத்துப்போன இடத்திலும் வைக்கக்கூடாது. எண்ணெய் போட்டு வயிற்றை அழுத்தி உருவுவது, எவ்வளவு கைராசிக்காரர் செய்தாலும், வேண்டாம்.

காற்றும் பிரியாமல், மலமும் போகாமல், வயிறு உப்பி வாந்தி எடுத்தால் குடல் அடைபட்டிருக்கலாம். அப்போது மலமிளக்கி கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். கறுத்த மலமோ இரத்த வாந்தியோ கண்டாலும் அப்படியே.

கோலாலம்பூர் வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு, 1991இல் தொடங்கிய ஹோஸ்பிஸ் மலேசியாவின் தாதியர் வீடு தேடி வந்து கட்டணமின்றிக் கவனிக்கிறார்கள். மற்ற ஊர்க்காரர்கள் அரசாங்க மருத்துவமனையில் வலி தணிப்புப் பிரிவு உண்டா என்று விசாரியுங்கள்.

ஒன்றுமே வேண்டாம் என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நாளும் வரும். அன்று கிண்ணத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, ஈரத்துணியால் உதட்டை நனைத்துவிடுங்கள்.