நாய்க்குக் கண் ஆபரேஷன்: அன்பா, ஆடம்பரமா?



நாய்க்கு ஆயிரக்கணக்கான வெள்ளி செலவழித்துக் கண் ஆபரேஷன் செய்வது ஆடம்பரம் என்று ஓர் அணி சொன்னது. பிள்ளை போல வளர்த்துவிட்டு, பார்வை போகும் நேரத்தில் பணத்தை எண்ணுவது துரோகம் என்று மறு அணி சொன்னது. இரண்டுக்கும் கைத்தட்டல் விழுந்தது. ஆனால் அந்த நாயின் கண்ணில் என்ன கோளாறு என்று இரண்டு அணியும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான்.

சுங்கை லாலாங், பீடோங், சுங்கைப்பட்டாணி வட்டாரத் தோட்டங்களில் நாய் என்பது அழகுப் பொருளாக இருந்ததில்லை. விடியுமுன் பால் மரம் வெட்டப் போகிறவர்களுக்கு முன்னால் அது ஓடும். பாதையில் பாம்பு கிடந்தால் முதலில் நாய் நிற்கும். நாய் நின்றால் பின்னால் வருகிறவரும் நிற்பார். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயத்து வீடு போய்த் தாமான் வீடு வந்தது. நாய் மட்டும் குடும்பத்தோடு கூடவே வந்தது.

அப்படி ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பத்து வயது நாய். இரண்டு கண்ணும் வெள்ளை பூத்துவிட்டன.

"அம்மா, பினாங்கில் விசாரித்தேன். ஆபரேஷன் செய்தால் பார்வை வருமாம்" என்கிறான் மகன்.

"அப்பாவுக்கே பெரியாஸ்பத்திரியில் நாள் வாங்கி, காத்திருந்துதானய்யா செய்தோம்? நாய்க்கு இத்தனை ஆயிரமா? தங்கச்சி காலேஜ் பணத்தை யார் கட்டுவது?" என்கிறார் அம்மா.

அப்பா எதுவும் பேசுவதில்லை. நாய் சுவரில் முட்டும் சத்தம் கேட்டால் மட்டும் எழுந்து போகிறார்.

இதில் யார் பேச்சில் தவறு? ஒருவர் பேச்சிலும் இல்லை. அன்பும் நியாயம், வரவு செலவும் நியாயம். அதனால்தான் இந்த வழக்கை மனம் மட்டும் தீர்க்க முடியாது. கொஞ்சம் மருத்துவமும் வேண்டும்.

வெள்ளையெல்லாம் புரை அல்ல

ஏழெட்டு வயதைத் தாண்டிய நாயின் கண் லேசாக நீலச் சாம்பல் பூத்தாற்போல் தெரியும். அது கண்வில்லை வயதில் இறுகுவதால் வருவது. பார்வை பெரிதாகக் குறையாது, ஆபரேஷனும் தேவையில்லை. இதைப் புரை என்று பயந்து கண்ணீர் விடும் வீடுகள் உண்டு.

உண்மையான கண்புரை வேறு. வில்லையே வெந்த முட்டை போல வெளுத்துவிடும். பரம்பரையாக வரலாம், அடிபட்டு வரலாம், இனிப்பு நீராலும் வரலாம். ஆம், நாய்க்கும் இனிப்பு நீர் உண்டு! அது வந்த நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு ஓராண்டு அல்லது அதைச் சற்றுத் தாண்டிய காலத்துக்குள் புரை விழுந்துவிடுகிறது. நாய் அதிகமாகத் தண்ணீர் குடித்து, அதிகமாகச் சிறுநீர் கழித்து, மெலிந்தும் போனால், கண்ணைப் பார்க்கும் முன் இரத்தத்தைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது வகை விழித்திரை நோய். முதலில் இரவில் தடுமாறும், பிறகு பகலிலும் தெரியாமல் போகும். கேமராவின் முன்கண்ணாடி அழுக்கானால் மாற்றலாம். உள்ளே பிலிமே கருகிவிட்டால் கண்ணாடியை மாற்றி என்ன பயன்? நம் வட்டாரத்தில் உண்ணிகள் ஏராளம். உண்ணிக் காய்ச்சலும் கண்ணுக்குள் அழற்சியை உண்டாக்கி, இரத்தம் கசிய வைத்து, பார்வையைக் கெடுக்கும். அதற்கு மருந்து வேண்டும், கத்தி வேண்டாம்.

ஆகவே ஆபரேஷனுக்கு முன் விழித்திரைக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்கும் மின்பரிசோதனையும், கண்ணுக்குள் ஸ்கேனும் செய்கிறார்கள். இந்தச் சோதனைக்கு ஆகும் பணம் வீண் செலவு அல்ல. பயனில்லாத ஆபரேஷனுக்குப் போக இருந்த பல ஆயிரம் வெள்ளியை மிச்சப்படுத்துவதே அதுதான்.

ஆபரேஷன் என்றால் என்ன?

1949-இல் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி என்ற மருத்துவர் மனிதக் கண்ணுக்குள் முதன்முதலாகச் செயற்கை வில்லை பொருத்தினார். 1967-இல் அமெரிக்காவில் சார்லஸ் கெல்மன், ஒலியலையால் புரையை உடைத்து உறிஞ்சி எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். இன்று நாய்க்குச் செய்வதும் இதே முறைதான். 1903-இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி இப்போது வேப்பேரியில் இருக்கிறது. அங்கும் நாய்களுக்கு இப்படிப் புரை நீக்குகிறார்கள். இது வெள்ளைக்காரர் ஊரில் மட்டும் நடக்கும் அதிசயம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அப்பாவுக்குக் கண்ணை மட்டும் மரத்துப்போக வைத்து ஆபரேஷன் செய்துவிடலாம். "அசையாமல் படு" என்றால் நாய் கேட்குமா? முழு மயக்கம் கொடுக்க வேண்டும். இதயம், சிறுநீரகம், சர்க்கரை எல்லாம் அதைத் தாங்க வேண்டும். சரியாகச் சோதித்துத் தேர்ந்தெடுத்த நாய்களில் பத்துக்கு எட்டு, ஒன்பதுக்குப் பார்வை திரும்புகிறது. ஆனால் கண் அழுத்தம் ஏறுவது, விழித்திரை கழன்றுவிடுவது போன்ற தொல்லைகள் பின்னாளில் வரக்கூடும் என்பதால், வருடங்கள் ஆக ஆக இந்தக் கணக்கு குறையும்.

"புரை முற்றட்டும், பிறகு பார்க்கலாம்" என்று பெரியவர்கள் சொல்வது உண்டு. மனிதர்களுக்கே அது பழைய காலத்து முறை. நாயைப் பொறுத்தவரை முற்ற முற்றக் கண்ணுக்குள் அழற்சி கூடி, ஆபரேஷன் வெற்றி பெறும் வாய்ப்பு குறைகிறது. சொட்டு மருந்திலேயே புரை கரையும் என்று விளம்பரம் வந்தால் நம்ப வேண்டாம். அப்படி ஒரு மருந்து இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. தேனும் விளக்கெண்ணெயும் விட்டுப் பார்ப்பதும் ஆபத்து.

சொட்டு மருந்து யார் விடுவது?

ஆபரேஷன் ஒரு நாள் வேலை. அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு வேலை. நாளுக்குப் பலமுறை, வாரக்கணக்கில் சொட்டு மருந்து விட வேண்டும். நாய் கண்ணைச் சொறியாமல் இருக்கக் கழுத்தில் புனல் மாட்ட வேண்டும். கழுத்துப் பட்டையை இழுத்தால் கண்ணில் அழுத்தம் ஏறும். மார்புப் பட்டைதான் ஏற்றது. மறுபரிசோதனைகளும் தொடரும். சுங்கை லாலாங்கிலிருந்து செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்குப் போவதென்றால் ஒரு வழிக்கே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். எனவே "எவ்வளவு ஆகும்?" என்று கேட்கும்போது, எத்தனை முறை வர வேண்டும் என்பதையும் கேட்க வேண்டும். பணம் கட்டுவது மகன்; ஆனால் பகலில் வீட்டில் இருந்து மருந்து விடுவது அம்மா. அம்மா சம்மதிக்காத ஆபரேஷன் பாதி ஆபரேஷன்தான்.

குருடு வேறு, வலி வேறு

இப்போது எதிரணி நண்பர்கள் சிரிக்கிறார்கள். "அப்படியென்றால் ஆபரேஷன் வேண்டாம், சும்மா விட்டுவிடலாம் அல்லவா?" இல்லை நண்பர்களே! இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது.

நாய் உலகத்தைப் படிப்பது மூக்கால். மனித மூக்கில் சில மில்லியன் மோப்ப அணுக்கள் என்றால், நாய்க்கு நூறு மில்லியனுக்கும் மேல். பார்வை போன நாய் சில வாரங்களில் வீட்டை மூக்காலும் காதாலும் பாடம் செய்துகொள்ளும். "ஐயோ, இப்படி ஆகிவிட்டதே" என்று அது தன் விதியை நொந்துகொள்வதில்லை. குருட்டுத்தனத்தை நாயால் தாங்க முடியும். அதனால் தாங்க முடியாதது வலி.

ஆபரேஷன் செய்யாத புரைக்கண்ணிலும் அழற்சி வரும், அழுத்தம் ஏறும். கண் சிவக்கும், நீர் வடியும். நாய் கண்ணைச் சுருக்கும், சாப்பாட்டைக் குறைக்கும், நாள் முழுக்கத் தூங்கும். "வயசாகிவிட்டது" என்று வீட்டில் சொல்வார்கள். அது வயதாக இல்லாமல், தாங்க முடியாத தலைவலியாக இருக்கலாம்! ஆகவே ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவு செய்த வீட்டுக்கும் சொட்டு மருந்தும் மருத்துவர் பார்வையும் உண்டு. பார்வை போய், மருந்துக்கும் அடங்காமல் வலிக்கும் கண்ணை எடுத்துவிடுவதும் கொடுமை அல்ல. வலி நின்ற நாய் மறுபடி வாலாட்டுவதைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். மலேசியாவின் 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும் பிராணியை வலியிலிருந்தும் நோயிலிருந்தும் காப்பதை உரிமையாளரின் கடமை ஆக்கியிருக்கிறது.

வீட்டிலும் சில மாற்றங்கள் போதும். மேசை நாற்காலியை இடம் மாற்றாதீர்கள். தண்ணீர்ப் பாத்திரம் ஒரே இடத்தில் இருக்கட்டும். வாசல் கால்வாய்க்கு மூடி போடுங்கள், கேட்டை அடைத்து வையுங்கள். தொடும் முன் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். "படி", "நில்" என்ற இரண்டு சொல்லைப் பழக்குங்கள்.

வள்ளுவர் 58-ஆம் அதிகாரத்துக்குக் கண்ணோட்டம் என்று பெயர் வைத்தார். கண் என்ற உறுப்பிலிருந்து இரக்கம் என்ற பொருளை எடுத்த மொழி இது. அந்தக் கண்ணோட்டம் ஆபரேஷன் செய்த வீட்டுக்கு மட்டும் சொந்தமா? வசதியும் நேரமும் இருந்து, சோதனையும் சரியென்றால், தாமதிக்காமல் செய்யுங்கள். முடியாவிட்டால் குற்ற உணர்ச்சி வேண்டாம். ஆனால் வலியை மட்டும் விட்டு வைக்காதீர்கள். அன்பா, ஆடம்பரமா என்று நடுவர் கேட்டார். காசு போட்டும் மருந்து விட மறந்தால் அது ஆடம்பரம். காசு இல்லாமலும் வலி பார்த்து மருந்து விட்டால் அது அன்பு.