ஏரி வறண்ட ஊரிலிருந்து வந்தவர்கள்

(பெங்களூரில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் வழக்கமாக மொழியைப் பற்றிப் பேசுவோம், கூலியைப் பற்றிப் பேசுவோம், ரேஷன் கார்டைப் பற்றிப் பேசுவோம். இன்று என்னை மழையைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். "பருவநிலை மாற்றமும் குடியானவனும்" என்று துண்டறிக்கையில் போட்டிருக்கிறது. இது படித்தவர்கள் சமாசாரம் என்று நீங்கள் பாதிப்பேர் டீக்கடைப் பக்கம் நகர்ந்துவிடுவீர்களோ என்று பயந்தேன். நகரவில்லை. நன்றி.

கட்டிட வேலை செய்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றால் இங்கே பாதிக் கை எழும். ஊர் எது என்று கேட்டால் தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, கோலார் என்று பதில் வரும். ஏன் வந்தீர்கள் என்று கேட்டால் "மழை இல்லைங்க" என்பீர்கள். அப்படியானால் அந்தப் படித்தவர்கள் சமாசாரமே நாம்தானே!

மழை இல்லை என்பது பாதி உண்மைதான். கோலார்ப் பக்கம் வருஷத்துக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் பெய்யும். பெய்கிற விதம்தான் கெட்டுவிட்டது. 2021 நவம்பரில் என்ன நடந்தது? கேழ்வரகு அறுவடைக்கு நின்ற சமயம். விடாமல் கொட்டியது. கதிர் சாய்ந்து, நின்ற இடத்திலேயே முளைத்துப் போனது. வருஷக்கணக்காக மணல் மட்டுமே ஓடிய பாலாற்றில் வெள்ளம் வந்தது. இரண்டே வருஷம் கழித்து, 2023இல், கர்நாடகத்தின் 236 தாலுக்காக்களில் 223 வறட்சித் தாலுக்காக்கள் என்று சர்க்காரே அறிவித்தது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு கூடுதல் ஈரத்தைத் தாங்கும் என்கிறது விஞ்ஞானம். தாங்கிய ஈரத்தை ஒரே நாளில் கொட்டிவிடும். பிறகு மாதக்கணக்கில் வானம் வெறிச்சென்று கிடக்கும். கரியையும் எண்ணெயையும் எரித்தவன் எங்கேயோ இருக்கிறான். கதிர் முளைத்துப் போனது நம் வயலில்.

இப்படிக் கொட்டுகிற தண்ணீரைப் பிடித்து வைக்க நம்மிடம் ஒரே பாத்திரம்தான் உண்டு. ஏரி. வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத பூமி அது. பழைய கோலார் மாவட்டத்தில் நாலாயிரத்துக்கும் மேல் ஏரிகள் இருந்தன. ஒன்று நிரம்பிக் கோடி போனால் அந்தத் தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போகும். நம் கிருஷ்ணகிரிப் பக்கமும் இதே சங்கிலிதான். மாநில எல்லைக் கோடு பின்னால் வந்தது. மதகைத் திறந்து மூடி, கடைமடை வரைக்கும் பங்கு வைக்க ஓர் ஆள் இருந்தான். கன்னடத்தில் நீருகண்டி என்பார்கள். வரத்துக்கால்வாயில் மண் சேர்ந்தால் ஊர் கூடி எடுத்தது. வண்டல் வயலுக்கு உரமானது. காய்ந்த ஏரியில் மாடு மேய்ந்தது, நிரம்பிய ஏரியில் மீன் கிடைத்தது.

இதைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த நீருகண்டி பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சாதிக்காரன். ஊருக்கெல்லாம் தண்ணீர் அளந்து விட்டவனுக்கு நஞ்சை நிலம் இருந்ததா? அநேகமாக இல்லை. அவன் பேரன்தான் இன்று நம்மோடு சாரத்தில் நின்று செங்கல் ஏற்றுகிறான்.

பிறகு போர் வந்தது. என் அப்பா கிணற்றை நம்பியிருந்தவர். பக்கத்து நிலத்தில் போர் போட்டதும் எங்கள் கிணறு இறங்கியது. அவரும் கடன் வாங்கிப் போர் போட்டார். ஒன்று பொய்த்தது. இன்னொன்று இரண்டு வருஷம் வந்தது. கோலாரில் ஆயிரம் அடிக்கும் கீழே போய்விட்டார்கள். தண்ணீரோடு ஃப்ளோரைடும் சேர்ந்து வருகிறது. ஏரி என்றால் ஊருக்கே ஒன்று. போர் அவனவனுக்கு ஒன்று. தனக்கென்று தண்ணீர் வந்ததும், வரத்துக்கால்வாயை எடுக்க யார் வருவார்கள்? எங்கள் ஊர் உடைந்தது அங்கேதான் என்று நான் நினைக்கிறேன். மழை அதற்குப் பிறகுதான் கெட்டது.

மந்தைவெளியும் போயிற்று. சமூகக் காடு என்ற பெயரில், மாடு மேய்ந்த பொதுநிலத்திலெல்லாம் தைலமரம் வைத்தார்கள். இங்கே அதை நீலகிரி மரம் என்பார்கள். 1983இலேயே துமகூரு மாவட்டத்து விவசாயிகள் அந்த நாற்றுகளைப் பிடுங்கிப் போட்டுப் போராடினார்கள். சர்க்கார் அதை நடத் தடை போட்டது 2017இல். முப்பத்துநாலு வருஷம்!

தாக்குப்பிடித்தது எது என்றால் கேழ்வரகுதான். மழை தள்ளிப்போனாலும் நாற்றங்காலில் காத்திருந்து நடலாம். ஊடே அவரை, துவரை, ஆமணக்கு. ஒன்று போனால் ஒன்று நிற்கும். மண்டியா ஆராய்ச்சிப் பண்ணையில் லட்சுமணய்யா என்றொரு விஞ்ஞானி நம் நாட்டு ராகியையும் ஆப்பிரிக்க ராகியையும் கலந்து "இண்டாஃப்" ரகங்களைக் கொடுத்தார். "ராகி லட்சுமணய்யா" என்றே மக்கள் அவரை அழைத்தார்கள். ஏழைகளின் களியை உயர்த்திய மனிதர். 2023ஐச் சிறுதானிய ஆண்டு என்று உலகமே கொண்டாடியபோது, அவர் பெயரை நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டோம்?

இனி நம் சாக்கடைக் கதைக்கு வருகிறேன். சிரிக்காதீர்கள். நம்மில் பலர் குடியிருக்கும் ஈஜிபுரா, கோரமங்கலா பக்கத்துக் கழிவுநீரைச் சுத்திகரித்து, நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் வீதம் கோலார் வட்டாரத்து 126 ஏரிகளுக்கு அனுப்புவது என்று திட்டம் போட்டார்கள். கோரமங்கலா–சல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டம். 2018 ஜூனில் லட்சுமிசாகர ஏரிக்குத் தண்ணீர் வந்தது. அடுத்த மாதமே நுரை வந்தது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போய், 2019இல் தடை நீங்கியது. பல ஊர்களில் வற்றிய கிணறுகளில் நீர் ஏறியது. அதை மறைத்துப் பேசக் கூடாது. ஆனால் நடப்பது இரண்டாம் கட்டச் சுத்திகரிப்பு மட்டுமே. மூன்றாம் கட்டமும் வேண்டும் என்பது அந்த விவசாயிகளின் கோரிக்கை. என்ன தவறு? காவிரியை நகரம் குடிக்கும், கழித்ததைக் கிராமம் குடிக்க வேண்டுமா?

அதே நுரைதான் தென்பெண்ணையில் இறங்கி ஓசூர் கெலவரப்பள்ளி அணை வரைக்கும் போகிறது. காவிரிக்காக 1991இல் இந்த ஊரில் நம் குடிசைகள் எரிந்தன. தென்பெண்ணைக்காக யாரும் யாரையும் அடிக்கவில்லை, அடிக்கவும் வேண்டாம். கோலார்க் கன்னட விவசாயியின் கோரிக்கையும் ஓசூர்த் தமிழ் விவசாயியின் கோரிக்கையும் ஒன்றேதான். அதை இரண்டு பாஷையிலும் சேர்ந்து கேட்க, இரண்டு பாஷையும் பேசுகிற நம்மைவிட யார் பொருத்தம்?

ஆகவே சங்கத்துக்கு இரண்டு யோசனை சொல்கிறேன். மூன்றாம் கட்டச் சுத்திகரிப்புக் கோரிக்கையை நம் தீர்மானமாக்கி, கோலார் விவசாயிகளுக்கு அனுப்புவோம். மற்றது உங்களுக்கு. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறீர்கள். கறி சாப்பிட்ட மறுநாள் ஏரிக்கரைக்குப் போய்ப் பாருங்கள். மதகு திறக்கிறதா, வரத்துக்கால்வாயில் யார் வீடு கட்டியிருக்கிறார்கள், கோடி உடைந்திருக்கிறதா என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். வீடு கட்டியவர் சொந்தக்காரராக இருந்தாலும் எழுதுங்கள். தை மாதக் கூட்டத்தில் ஒவ்வொன்றாக வாசிப்போம். என் ஊர் ஏரியை நான் முதலில் வாசிக்கிறேன். அதில் என் பெரியப்பா வீடும் இருக்கிறது.