துணை இழந்த கழுதை



கழுதையைப் பற்றி வானொலியிலே பேசப்போகிறேன் என்றதும் என் ஆசிரிய நண்பர் ஒருவர் சிரித்தார். வகுப்பறையிலே அப்பெயரை நாம் வழங்கும் முறை அவர் நினைவுக்கு வந்திருக்கும். ஆனால், கற்பிட்டிக் குடாநாட்டிலே வாழ்வோருக்குக் கழுதை வசைச்சொல் மட்டுமன்று, அயலவருங்கூட. பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குச் செல்லும் வீதியிலே நாலைந்தாக நின்று வழிவிட மறுக்கும் கழுதைகளைப் பிரயாணிகள் அறிவர். அராபிய வணிகர் கொணர்ந்தவற்றின் வழிவந்தவை அவை என்பது இப்பகுதியிலே வழங்கும் கதை. லொறி வந்தபின் பொதி சுமக்கும் வேலை போயிற்று. வேலை போனதும் உரியவர்களும் கைவிட்டனர்.

கைவிடாத ஒருவர் எங்கள் பாடசாலைக்கு அண்மையிலே இருக்கிறார். எழுபது கடந்த முதியவர். ஒரு காலத்திலே தென்னந்தோட்டத்தில் தேங்காய் சுமந்த இரு பெட்டைக் கழுதைகளை வேலை ஓய்ந்த பின்னும் வைத்துக் காத்தார். ஒன்று மற்றதன் பிடரியைப் பல்லாற் சொறிந்துகொடுக்க, மற்றது அதே வேளையில் இதன் முதுகைச் சொறியும். காலை வகுப்புத் தொடங்குமுன் இக்காட்சியை நான் பன்முறை பார்த்து நின்றதுண்டு.

ஓரிரவு அவற்றில் ஒன்று வீதியிலே வாகனத்தில் அடிபட்டு இறந்தது. விடியுமுன் அயலவர் அதனைப் புதைத்துவிட்டனர். நல்லெண்ணத்தோடு செய்த காரியந்தான். ஆயினும் அது பிழையென்று பின்னரே அறிந்தேன். இங்கிலாந்திலே எலிசபெத் ஸ்வெண்ட்சன் என்னும் அம்மையார் 1969 ஆம் ஆண்டிலே நிறுவிய கழுதைகள் காப்பகத்தார் வேறு விதமாகச் சொல்கின்றனர். இறந்த துணையின் உடலருகே எஞ்சிய கழுதையை நிற்கவிட வேண்டும். அது முகர்ந்து பார்த்துத் தானாக விலகும்வரை உடலை அகற்றலாகாது என்பது அவர்கள் அறிவுரை. காணாத கழுதை தேடிக்கொண்டே இருக்கும்.

எங்கள் கிழக்கழுதையும் தேடியது. வேலியோரமாக நடந்து நடந்து கத்தியது. மூன்றாம் நாள் தீனியை விட்டது. ஏற்கெனவே பல் தேய்ந்து, குளம்பு வளர்ந்து நொண்டிய உடம்பு அது. மன்னாரிலே 'பிரிட்ஜிங் லங்கா' அமைப்பினர் கழுதைகளுக்கென்றே ஒரு மருத்துவ நிலையத்தை அமைத்தனர். எங்களுக்கு அருகிலே கிடைத்தவர் கால்நடை வைத்தியர். அவர் சொன்னது என்னைத் திடுக்கிடச் செய்தது. கழுதை பட்டினி கிடந்தால் உடற்கொழுப்புக் கரைந்து இரத்தத்திலே அளவின்றிக் கலக்கும். ஈரலும் சிறுநீரகமும் கெடும். சில நாளிலே உயிரும் போகலாம். நோவை வெளிக்காட்டாத பிராணியாதலால், நாம் கவனிக்கும்போது காலம் கடந்திருக்கும். குளம்பைச் சீவச் செய்து, ஊறவைத்த தவிட்டை அம்முதியவர் கையாலேயே ஊட்டினார். சிறிது தின்றது.

இனித் துணை தேட வேண்டும். என் மாணவர்கள் உற்சாகத்தோடு வீதியிலே நின்ற இளங்கடுவன் ஒன்றை ஓட்டிவந்தனர். பெருமையோடு அதனை உள்ளே விடச் செய்தவன் நானே. அது கிழக்கழுதையை விரட்டிற்று, கடித்தது, தவிட்டையும் தின்று தீர்த்தது. முதியவர் என்னை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. மாலையிலே அதனை வெளியே விட்டுவிட்டு, "சேர், கிழவிக்கு விளையாட ஆள் வேணாம், பக்கத்துல நிக்க ஆள் வேணும்" என்றார். பின்னர் ஓர் ஆட்டைக் கட்டிப் பார்த்தோம். தீங்கில்லை, ஆனால், பிடரி சொறியத் தெரியாத ஆடு.

முதியவருக்கு வேறொரு கவலையும் இருந்தது. புதிதாக ஒன்றைக் கொணர்ந்து, இது இறந்தபின் அதனைத் தனியே தவிக்கவிடுவதா? நியாயமான கேள்வி. சுவிட்சர்லாந்திலே 2008 ஆம் ஆண்டின் விதிகளின்படி கினிப்பன்றி என்னும் சிறு பிராணியைத் தனியே வளர்க்கலாகாது. ஒன்று இறந்தால் மற்றதற்கு இன்னொன்று வேண்டும். பின் அதற்கும் ஒன்று. இச்சங்கிலி முடிவின்றி நீளாதிருக்க, எஞ்சியதன் ஆயுட்காலத்துக்கு மட்டும் துணையை இரவல் கொடுப்போரும் அங்கே உள்ளனர். இதனைச் சொன்னபோது அவர் சிரித்தார். "இரவலா? களப்புக்கரையில எத்தனையோ நிக்குதே!" என்றார்.

அவர் தேர்ந்தெடுத்தது களப்புக்கரைக் கூட்டத்திலே பின்தங்கி நடக்கும், வயது சென்ற ஒரு பெட்டை. இம்முறை அவசரப்படவில்லை. இரண்டு கிழமை வேலிக்கு இப்பால் ஒன்றும் அப்பால் ஒன்றுமாக வைத்தார். முதல் நாட்களிலே எங்கள் கழுதை திரும்பியும் பார்க்கவில்லை. பின்னர் வேலியருகே வந்து நின்றது. ஒரு காலை, கம்பிகளுக்கிடையே இரண்டு மூக்குகளும் சேர்ந்திருந்தன. அன்று கடப்பைத் திறந்தார்.

புதியது தன் கூட்டத்தை விட்டுவிடவில்லை. பகலிலே களப்பு வழியாகச் சென்று அவற்றோடு மேய்கிறது; அந்திப்பொழுதிலே தானாகவே திரும்புகிறது. கிழக்கழுதையின் நொண்டல் மாறவில்லை, மாறப்போவதுமில்லை. தவிட்டை மட்டும் இப்பொழுது ஊட்டாமலே தின்கிறது. நேற்று நான் பாடசாலையைப் பூட்டிவிட்டு வந்தபோது, அது கடப்பண்டை நின்று, களப்புப் பக்கமாகக் காதைத் திருப்பிக்கொண்டிருந்தது.