மானம் போய்விடுமா?

(கோவையை அடுத்த ஓர் ஊரில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது சாவைப் பற்றிய விஷயமாகும். வயதாகிச் சாவதைப் பற்றியல்ல. பதினாறு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள் தங்கள் உயிரைத் தாங்களே போக்கிக்கொள்வதைப் பற்றியாகும். "விளக்கு வைக்கிற நேரத்தில் இதையெல்லாம் பேசலாமுங்களா?" என்று ஒரு பெரியவர் கூட்டம் ஆரம்பிக்கும் முன்பே நம்மிடம் வந்து கேட்டார். பேசாமல் மூடி வைத்ததனால் இதுவரை எத்தனை பிள்ளைகள் பிழைத்தார்கள் என்று நாம் திருப்பிக் கேட்டோம். அவரிடம் பதில் இல்லை.

சர்க்கார் கணக்குப்படி 2022-ம் வருஷத்தில் இந்தியா முழுவதிலும் தற்கொலையால் மாண்டவர்கள் 1,70,924 பேர். அவர்களில் மாணாக்கர்கள் 13,044 பேர். தமிழ்நாட்டில் மாத்திரம் 19,834 பேர். மராட்டியத்திற்கு அடுத்தபடி இரண்டாவது இடம். காலரா வந்து இத்தனை பேரைக் கொண்டுபோயிருந்தால் வீதிதோறும் மருந்து தெளித்திருப்போம். இதற்கோ, "தலையெழுத்து" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு, பத்தாம் நாள் காரியத்துக்குப் பந்தல் போடப் போய்விடுகின்றோம்.

தலையெழுத்து என்பவர்கள் பக்கத்திலிருக்கும் இலங்கையைப் பார்க்கட்டும். ஒரு காலத்தில் உலகத்திலேயே தற்கொலை மிகுந்த தேசங்களில் ஒன்றாக அது இருந்தது. 1995-ல் மிகக் கொடிய பூச்சிமருந்துகளை அங்கே தடுத்தார்கள். 1998-ல் எண்டோசல்பானையும் தடுத்தார்கள். 2005-க்குள் தற்கொலை விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிட்டது. அந்தப் பத்து வருஷத்தில் இலங்கைக்காரர்களுக்கு மட்டும் பிரம்மா கையெழுத்தை மாற்றிக்கொண்டாரா என்று கேட்கின்றோம்.

இதில் உள்ள சங்கதி மிகச் சாதாரணமானது. சாக வேண்டும் என்னும் வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்து வேகமே. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாவிட்டால் வேகம் தணிந்துவிடுகின்றது. பிழைத்தவர்களில் அனேகர் பிறகு நெடுநாள் நன்றாக வாழ்கின்றார்கள். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கம், சென்னை 'சினேகா' சங்கத்தார், ஊருக்குப் பொதுவாகப் பூட்டுப் பெட்டிகள் வைத்து, குடியானவர்கள் மருந்தை அதில் வைத்துப் பூட்டும்படி செய்து பார்த்ததில் நல்ல பலன் கண்டார்கள். நம் தோட்டங்களில் எப்படியிருக்கின்றது? மருந்து டப்பா சாளையில் தொங்குகின்றது, பணப்பெட்டிதான் பூட்டியிருக்கின்றது!

இனி, பிள்ளைகளை அந்த எல்லைக்குத் தள்ளுவது எது என்று பார்ப்போம். காரணம் ஒன்றல்ல. நோய் உண்டு, கடன் உண்டு, வீட்டுச் சண்டை உண்டு. ஆனால் நம் கொங்குநாட்டில் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பூதம் உட்கார்ந்திருக்கின்றது. அதற்கு 'மானம்' என்று பெயர். பரீட்சையில் பையன் தவறினால் அப்பனுக்கு மானம் போய்விடுமாம். வேறு ஜாதிப் பையனோடு பெண் பேசினால் கூட்டத்துக்கே மானம் போய்விடுமாம். பிறந்ததிலிருந்து இதையே கேட்டு வளர்ந்த பிள்ளை, மானம் போன பிறகு உயிர் எதற்கு என்று நினைத்தால் அது யார் கற்றுக்கொடுத்த பாடம்? போதாததற்கு, தீப்பாய்ந்து மாண்ட பெண்களை வீரமாத்தி என்று சாமியாக்கிப் பொங்கல் வேறு வைக்கின்றோம்.

தோழர்களே! இந்த மானம் வேறு, சுயமரியாதை வேறு. மானம் என்பது பக்கத்து வீட்டுக்காரன் வாயில் இருக்கின்றது. அவன் நாளைக்கு வேறு மாதிரி பேசினால் அதுவும் மாறிப்போகும். சுயமரியாதை அவனவனிடத்தில் இருக்கின்றது. மார்க்குக் குறைந்தால் அது குறைவதில்லை. காதலித்தவர் விட்டுப்போனாலும் போவதில்லை.

நாமக்கல்லில் முட்டைக்குத் தினம் விலை போடுகின்றார்கள். அது வியாபாரம். ஆனால் அதே பக்கத்தில், பிள்ளைகளைக் கொட்டிலில் அடைத்து, விடியுமுன் எழுப்பி, பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தள்ளிவிட்டுப் பன்னிரண்டையே இரண்டு வருஷம் உருப்போட வைத்த பள்ளிகளுக்கு ஜனங்களே 'பிராய்லர் பள்ளி' என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்தவர்களே பணத்தையும் கட்டிச் சேர்த்தார்கள் என்பதுதான் வேடிக்கை. 2017-ல், நம் கோபிசெட்டிபாளையத்துக்காரரான செங்கோட்டையன் கல்வி மந்திரியாக இருந்தபோது, முதல் இடம் இரண்டாம் இடம் என்று அறிவிப்பதை நிறுத்தினார்கள். தேறாதவர்கள் ஓரிரு மாதத்திலேயே துணைத்தேர்வு எழுதி அந்த வருஷமே மேலே படிக்கவும் வழி இருக்கின்றது. இவை நல்ல காரியங்கள். ஆனால் சர்க்கார் நிறுத்திய இடவரிசையைத் தெருமுனையில் பிளெக்ஸ் கட்டி நடத்துகின்றவர்கள் நாமல்லவா?

ஜாதிச் சங்கதியைச் சொல்லவே வேண்டாம். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில், ஜாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட ஒரு வாலிபரைப் பட்டப்பகலில் நடுரோட்டில் வெட்டிக் கொன்றார்கள். அதைக் கண்ட இளைஞர்கள் வீட்டில் வாய் திறப்பார்களா? வாய் திறக்க முடியாத இடத்தில்தான் சாவு யோசனை வளருகின்றது. மில் விடுதிகளில் அடைந்துகிடக்கும் பெண்களின் நிலையும் இதுவே.

சிலர் பிள்ளை சரியாகத் தூங்கவில்லை, பேசவில்லை என்றால் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகின்றார்கள்; கயிறு மந்திரிக்கின்றார்கள். 2001 ஆகஸ்டு 6-ல் ஏர்வாடியில் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட வழியில்லாமல் எரிந்தார்கள். மாண்டவர்கள் 28 பேர். கோயிலானாலும் தர்காவானாலும் நமக்கு ஒன்றுதான். மனச்சோர்வு என்பது வியாதி. அதற்கு மருந்தும் உண்டு, பேச்சு வைத்தியமும் உண்டு.

போலீசுக்குப் பயந்து மறைப்பவர்களுக்கும் ஒன்று சொல்லுகின்றோம். முன்பு தற்கொலை முயற்சியே குற்றம், சட்டம் 309-வது பிரிவு. 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம், அப்படிச் செய்தவர் கடும் மனத்துயரில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், சிகிச்சை தர வேண்டும் என்று சொல்லிவிட்டது. 2024 ஜூலை முதல் வந்த புதிய குற்றச் சட்டத்தில் அந்த 309-ம் இல்லை. ஆகவே தாராளமாக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது என்ன? "நான் உங்களுக்குப் பாரம்", "இனி என்னைப் பார்க்கமாட்டீர்கள்" என்று பிள்ளை சொன்னால் விளையாட்டு என்று தள்ளாதீர்கள். ஆசையாய் வைத்திருந்த சாமான்களைத் தானம் கொடுத்தாலும், தூக்கமும் சாப்பாடும் மாறினாலும் கவனியுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "சாகலாம் என்று தோன்றுகிறதா கண்ணு?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதனால் இல்லாத எண்ணம் வந்துவிடாது என்பது வைத்தியர்கள் ஆராய்ந்து கண்ட முடிவு. சொல்லும்போது குறுக்கே புத்தி சொல்லாதீர்கள், தனியாக விடாதீர்கள். நம் பக்கம் பிள்ளையைச் 'சாமி' என்று கூப்பிடுகின்றோம். அந்த ஒரு சாமியைப் பற்றி மாத்திரம் நமக்கு ஆட்சேபணை கிடையாது.

14416 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் காசில்லாமல் டெலிபோன் செய்யலாம், தமிழிலேயே பேசுவார்கள். 104-ம் இருக்கின்றது. கோவை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநல வைத்தியர்கள் இருக்கின்றார்கள். நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணாக்கர் உள்ள பள்ளி, கல்லூரிகளில் ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கின்றது. உங்கள் ஊர்ப் பள்ளியில் இருக்கிறாரா என்று நாளைக்கே போய்க் கேளுங்கள்.

பின்வரிசையில் நிற்கும் தம்பிமார்களே! தங்கைமார்களே! உங்களில் யாருக்காவது அந்த எண்ணம் இருந்தால் அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். வீட்டில் முடியாவிட்டால் வாத்தியாரிடம், சிநேகிதரிடம், அந்த டெலிபோனில். கூட்டம் கலைந்த பிறகு நம்மிடம் சொன்னாலும் சரி. கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம், வைத்தியரிடம் கூடவும் வருவோம்.

மேடைக்குப் பக்கத்தில் சீட்டும் பென்சிலும் வைத்திருக்கின்றோம். கேள்விகளைப் பெயர் போடாமல் எழுதிக் கொடுக்கலாம்.