தட்டில் உள்ளதை எண்ணி இன்சுலின் போடுவோம்



முதல் வகை நீரிழிவு உள்ளவர்களின் உடலில் இன்சுலின் அநேகமாகச் சுரப்பதே இல்லை. அதனால்தான் தினமும் ஊசி போட வேண்டியிருக்கிறது. உங்களில் பலர் பல ஆண்டுகளாகப் பழகியவர்கள். ஆனாலும், "காலையில் 4, மதியம் 6" என்று ஊசியின் அளவை மாற்றாமல், சாப்பாட்டை மட்டும் நாளுக்கு நாள் மாற்றினால் தொல்லை வரும். அதைத் தவிர்க்க உதவுவது மாவுச்சத்துக் கணக்கு.

சோறு, ரொட்டி, மீ, கிழங்கு, பழம், பால், சீனி ஆகியவற்றில் மாவுச்சத்து உண்டு. மீன், கோழி, முட்டையில் அது இல்லை என்றே சொல்லலாம். இந்த நான்கு அளவுகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்:

• ரொட்டி ஒரு துண்டு: சுமார் 15 கிராம்
• வெந்த சோறு 100 கிராம்: சுமார் 28 கிராம்
• டின்னில் வரும் இனிப்புப் பால் ஒரு மேசைக்கரண்டி: சுமார் 11 கிராம்
• சீனி ஒரு தேக்கரண்டி: சுமார் 5 கிராம்

எத்தனை கிராமுக்கு ஒரு யூனிட் இன்சுலின் என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதை உங்கள் மருத்துவர்தான் சொல்வார். ஓர் உதாரணத்துக்கு, ஒருவருக்கு 10 கிராமுக்கு 1 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். அவர் இரண்டு துண்டு ரொட்டியும், ஒரு கரண்டி டின் பால் கலந்த தேநீரும் எடுத்தால் சுமார் 41 கிராம். அதற்கு 4 யூனிட் போதும். மறுநாள் ஒரு துண்டு ரொட்டி, ஒரு முட்டை, சீனி இல்லாத கோப்பி மட்டும் என்றால் 15 கிராம்தான். அன்றும் 4 யூனிட் போட்டால் இரண்டரை யூனிட் அதிகம். சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும்.

வாழையிலைச் சாப்பாட்டில் சோறு கேட்காமலேயே வந்து விழும். எத்தனை கரண்டி சோறு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வீட்டில் ஒருமுறை தராசில் நிறுத்துப் பார்த்தால், பிறகு கண்ணே அளவு சொல்லும். உணவங்காடியில் வரிசை நீளமாக இருந்தால் முன்கூட்டியே ஊசி போட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள்.

சாப்பிட்ட பிறகு சர்க்கரை கூடியிருக்கிறதே என்று உடனே இன்னொரு ஊசி போடவும் வேண்டாம். முதலில் போட்டது சில மணி நேரம் வேலை செய்துகொண்டே இருக்கும். இரண்டும் சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்று உங்கள் தாதியிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கை நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் இருந்தால் உடனே அளந்து பாருங்கள். 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து, ஏறவில்லை என்றால் மறுபடியும் குடியுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 995-ஐ அழைக்க வேண்டும். இதை வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

காய்ச்சலால் சாப்பாடு இறங்கவில்லை என்றாலும், விரதம் என்றாலும், நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினை நீங்களாக நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் கீட்டோன் என்னும் அமிலம் இரத்தத்தில் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். விரதம் இருக்க விரும்புவோர் முன்கூட்டியே மருத்துவரைப் பாருங்கள்.

மூன்று நாள் சாப்பிட்டது, போட்ட யூனிட், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் அளந்த சர்க்கரை ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அதைக் கொண்டு செல்லுங்கள். உங்களுக்குரிய கணக்கை அவர் அதைப் பார்த்துத்தான் சரி செய்வார்.