வேங்கடத்து அடிவாரத்தில் ஒரு வழித்துணை



வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறையேனும் திருப்பதிக்கு வரும் வாய்ப்பு நேர்கிறது. முடியிறக்கல், தரிசனம், லட்டுப் பிரசாதம், வழியில் உறவினர் வீட்டில் ஒரு வேளை உணவு, பிறகு ரேணிகுண்டாவில் இரயில். இவ்வளவோடு விடுமுறை தீர்ந்துவிடுகிறது. மலைமேல் ஏறி இறங்கியும் மலையைப் பாராமலே திரும்புகிறோம். தொல்காப்பியப் பாயிரம் தமிழ் நிலத்துக்கு வடவெல்லையாகக் கூறும் வேங்கடம் இதுதான். பொருள் தேடிப் பிரியும் ஆடவர் கடந்து செல்லும் சுரமாகவும், புல்லி என்னும் தலைவனின் நாடாகவும் அகநானூற்றுப் புலவர் இதனைப் பாடினர். பொருள் தேடி எல்லை கடந்த நமக்கு இம்மலையோடு ஒரு பழைய உறவு உண்டென்று சொல்லிக் கொள்ளலாம். ஆகவே விடுமுறையில் மேலும் ஒரு நாளைச் சேர்த்துக்கொண்டு, காலையிலே புறப்பட்டு மாலைக்குள் திரும்பும்படி காட்டோரமாக நடந்து பாருங்கள் என்பதே நம் விண்ணப்பம்.

இன்று நம்மில் பலர் வீட்டில் நாய் வளர்க்கிறோம். நாம் வேலை நிமித்தம் பெங்களூரில் குடியிருக்கிறோம். அங்கே தெருவில் கிடைத்த நாட்டு நாய் ஒன்று ஐந்து ஆண்டுகளாக நம் வீட்டில் வளர்கிறது. பெயர் மணி. நடக்கப் போவதென்றால் அவனையும் அழைத்துக்கொண்டா, விட்டுவிட்டா என்ற கேள்வி நம் இல்லத்தில் எழுந்தது. அந்தக் கேள்வி எம்மை எங்கெல்லாம் இட்டுச் சென்றது என்பதையே இங்குச் சொல்லப் போகிறோம்.

திருமலைக்கும் நாய் நடைக்கும் ஒரு கதை உண்டு. 2019ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள், ஐயப்ப பக்தர் பதின்மூவர் திருமலையிலிருந்து சபரிமலைக்குக் கால்நடையாகப் புறப்பட்டனர். தெருநாய் ஒன்று அவர்கள் பின்னே நடந்தது. முதலில் அவர்கள் அதனைக் கவனிக்கவே இல்லை. கருநாடகத்தின் சிக்கமகளூர் மாவட்டத்திலுள்ள கொட்டிகெஹாராவை அவர்கள் அடைந்தபோது, ஏறக்குறைய 480 கிலோமீட்டர் தூரம் அது உடன் வந்திருந்தது. தாங்கள் சமைத்ததையே அதற்கும் இட்டதாகப் பக்தர்கள் கூறினர். செய்தித்தாளில் இதைப் படித்த நாளன்று நம் இல்லத்தார் மணியை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். அவன் நாற்காலியின் அடியில் உறங்கிக்கொண்டிருந்தான்.

தமிழ் நிலத்தில் இப்பரிவு புதிதன்று. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், ஏழாம் நூற்றாண்டில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில் நட்ட நடுகல் ஒன்று உண்டு. மாட்டு மந்தையைக் காத்து மடிந்த வீரனுக்கு எடுத்த கல் அது. அதில் அவனுடைய நாயின் உருவமும் இருக்கிறது, பெயரும் இருக்கிறது. கோவிவன் என்னும் அந்நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்று கல்வெட்டுச் சொல்லுகிறது. மன்னர் பெயரோடு ஒரு நாயின் பெயரும் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்திருப்பதை எண்ணினால் வியப்பாக இருக்கிறது.

இத்தகைய எண்ணங்களோடு, சென்ற தை மாதத்தில் மணியை வண்டியில் ஏற்றிக்கொண்டு தலக்கோனைக்குப் புறப்பட்டோம். கோன என்பது மலையிடுக்கைக் குறிக்கும் தெலுங்குச் சொல். நகரிப் பக்கத்துக் கைலாசக்கோனையும் அப்படிப் பெயர் பெற்றதே. தலக்கோனை அருவி ஏறத்தாழ 270 அடி உயரத்திலிருந்து விழுவது. திருப்பதியிலிருந்து பாகராப்பேட்டை வழியாக மேற்கே செல்லவேண்டும். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகும் வரை இப்பகுதி சித்தூர் மாவட்டமாகவே இருந்தது. அருவி அமைந்துள்ள சேஷாசலக் காடு 1989இல் ஸ்ரீ வேங்கடேசுவரர் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றது. பரப்பு சுமார் 353 சதுரக் கிலோமீட்டர். 2010இல் சேஷாசலம் முழுவதும் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. செம்மரம் இம்மலைத்தொடருக்கும் அதன் சுற்றுவட்டத்துக்கும் உரிய மரம். உலகில் வேறெங்கும் இயற்கையாக இவ்வளவு வளர்வதில்லை.

வாயிலில் எம்மைத் தடுத்தது ஒரு பலகை. தெலுங்கில் எழுதியிருந்தது. 'பெம்புடு ஜந்துவுலு' என்ற சொற்களைக் கண்டதும் நமக்குச் சிரிப்பு வந்தது. சற்று வருத்தமும் வந்தது. காரணம் சொல்லவேண்டும். நாம் மத்திய அரசு அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பாளர். ஆங்கிலத்தில் 'பெட்' எனப்படும் உயிர்களைப் பற்றிய விதியொன்று சில ஆண்டுகளுக்கு முன் நம் மேசைக்கு வந்தது. 'வளர்ப்புப் பிராணிகள்' என்று எழுதினோம். ஆடும் மாடும் வளர்ப்புப் பிராணிகள்தாமே என்று மேலே இருந்தவர் திருப்பி அனுப்பினார். 'செல்லப் பிராணிகள்' என்று திருத்தினோம். சட்டத்தில் செல்லம் எங்கிருந்து வந்தது என்று இன்னொருவர் கேட்டார். மூன்று வாரம் கோப்பு அலைந்தது. தெலுங்கர் வளர்ப்பு என்ற பொருளுடைய சொல்லையே எந்தக் கூச்சமும் இன்றிப் பலகையில் எழுதிவிட்டனர். நம் மூன்று வார உழைப்பு நினைவுக்கு வந்தது. எந்தச் சொல்லைப் போட்டாலும் அது மணியைத்தான் குறித்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

காவலர் இளைஞர். தமிழும் தெலுங்கும் கலந்து பேசினார். "சார், நாயை உள்ளே விட முடியாது. நீங்க வேணும்னா போய் வாங்க" என்றார். கட்டி அழைத்துச் செல்வோம், குரைக்கமாட்டான், தடுப்பூசி போட்டிருக்கிறது என்று நாம் அடுக்கினோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "குரைக்காட்டியும் வாசம் போகுமே சார்" என்றார்.

அந்த ஒரு வாக்கியம் நம் வாயை அடைத்துவிட்டது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இத்தகைய காட்டுக்குள் நுழைவது அனுமதியின் பேரில்தான் என்பதையும், அனுமதிக்கு நிபந்தனைகள் உண்டு என்பதையும் சொற்களாக நாம் அறிவோம். சொற்களுக்குப் பின்னால் இருப்பதை அவர் அறிந்திருந்தார்.

பின்னர்ப் படித்துத் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்லுகிறோம். சேஷாசலத்தில் செந்நாய்கள் உண்டு. சிறுத்தை, கரடி, நரி, தேவாங்கு ஆகியனவும் உண்டு. நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் என்னும் கொடிய தொற்றுநோய் காட்டு நாய் இனங்களையும் பூனை இனங்களையும் தாக்க வல்லது. 1994இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கு அந்நோயால் மாண்டது. 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் 20க்கும் மேற்பட்ட சிங்கங்கள் மடிந்தபோது, அவற்றுட் சிலவற்றில் அக்கிருமி கண்டறியப்பட்டது. நம் வீட்டு நாய் தடுப்பூசி பெற்றது என்பது உண்மையே. ஆயினும் வாயிலில் நிற்கும் காவலர், வரும் ஒவ்வொரு நாயின் சான்றையும் சோதித்துக்கொண்டிருக்க இயலாது அல்லவா?

மறுபக்கமும் உண்டு. சிறுத்தைக்கு நாய் விருப்பமான இரை. மும்பையில் போரிவலிக் காட்டருகே குடியிருக்கும் நேயர்கள் இதை நம்மைவிட நன்கு அறிவர். 2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் ஆறு வயதுக் குழந்தை ஒன்று சிறுத்தைக்குப் பலியான துயரம் பலருக்கு நினைவிருக்கும். பலமநேரியிலிருந்து குப்பம் வரை உள்ள கௌண்டின்யக் காட்டில் 1980களில் திரும்பி வந்து தங்கிய யானைகள் இருக்கின்றன. நாய் யானையைக் கண்டால் குரைக்கும். யானை திரும்பினால் ஓடும். ஓடி வருவது நம்மிடம்தான். யானையும் அதன் பின்னே வரும்.

அன்று என்ன செய்தோம் என்றால், முறைவைத்துக் கொண்டோம். முதலில் இல்லத்தார் அருவிக்குப் போய்வந்தார். நாம் வாயிலுக்கு வெளியே மரநிழலில் மணியோடு அமர்ந்திருந்தோம். பிறகு நாம் சென்றோம். அருவியின் அடியில் நின்றபோது தண்ணீர்த் தூவல் முகத்தில் பட்டது. மணி இல்லாதது குறையாகவே இருந்தது. அதை மறைத்துச் சொல்ல விரும்பவில்லை.

மறுநாள் அவனுக்கென்றே ஒரு நடையை வைத்துக்கொண்டோம். சென்னையிலிருந்து மும்பை செல்லும் இரயிலில் திருத்தணியைக் கடந்ததும் கூரிய முகடொன்று தெரியும். நகரி மூக்கு என்பர். 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது நகரியும் புத்தூரும் ஆந்திரத்திலேயே நின்றுவிட்டன. இன்றும் அங்குக் கடைத்தெருவில் தமிழ் கேட்கலாம். அம்மலையின் மேலே ஏறாமல், காப்புக்காட்டு எல்லைக் கல்லுக்கு இப்புறமாக, மாந்தோப்புகளுக்கும் ஏரிக்கரைக்கும் இடையே ஓர் ஓடைத் தடம் செல்லுகிறது. தோப்புக்காரரிடம் கேட்டுக்கொண்டு நடந்தோம். கிளிமூக்கு மாமரங்கள் பூத்திருந்தன; மூக்கு மலையடியில் மூக்கு மாங்காய். ஓடையில் ஓரிடத்தில் ஆளுயரப் பாறையிலிருந்து நூல் போல நீர் விழுந்துகொண்டிருந்தது. தலக்கோனையைக் கண்டு வந்த கண்ணுக்கு அது அருவியன்று. மணிக்கு அதுவே அருவி. அடியில் போய் நின்று, வாயைத் திறந்து நீரைக் கடித்துக் கடித்துப் பார்த்தான்.

இங்கே நம் தவற்றைச் சொல்லவேண்டும். காலைச் சிற்றுண்டியை முடித்துப் புறப்படும்போது மணி ஒன்பதரை. தை மாதந்தானே என்று எண்ணினோம். திரும்பும்போது உச்சிப் பொழுது, பாறை சுட்டது. நமக்குக் காலில் செருப்பு இருந்தது, அவனுக்கு இல்லை. நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி இளைத்தே சூட்டைத் தணிக்கவேண்டும். அவன் இளைத்துக்கொண்டே வந்தான். ஒரு முறையும் நிற்கவில்லை. கயிற்றின் மறுமுனையில் நாம் நடந்தவரை அவனும் நடந்தான். ஒரு புளியமரத்தடியில் திடீரென்று படுத்துவிட்டான். நாக்கு கருஞ்சிவப்பாக இருந்தது. தண்ணீர் வைத்தோம், முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் ஓடிவந்தார். "வாயிலே ஊத்தாதீங்க தம்பி, புரையேறிடும். அடிவயித்தையும் தொடையிடுக்கையும் பாதத்தையும் நனையுங்க" என்றார். தம் குடத்து நீரைக் கொடுத்தார். இல்லத்தார் முந்தானையை நனைத்து விசிறினார். கால்மணி நேரம் சென்றபின் மணி தலையைத் தூக்கினான். பெரியவர் அப்போதுதான் கேட்டார்: "இந்த வெயில்லே வாயில்லாச் சீவனை ஏன் இழுத்துக்கிட்டு வந்தீங்க? அது வேண்டாம்னு சொல்லுமா?" மறுமொழி சொல்ல நமக்கு ஒன்றும் இல்லை.

வண்டிவரை அவனை மாறி மாறித் தூக்கி வந்தோம். பதினெட்டுக் கிலோ எடை. நாற்பது வயதைக் கடந்த முதுகுக்கு அது நினைவில் நிற்கும் எடை. அருகிலிருந்த ஊரின் கால்நடை மருத்துவர் வெப்பமானி வைத்துப் பார்த்து 104 டிகிரி என்றார். நாய்க்கு இயல்பான வெப்பமே 101, 102 டிகிரி இருக்கும். 106ஐத் தொட்டிருந்தால் உயிருக்கே ஆபத்து என்றும், மரத்தடியிலேயே நனைத்தது நல்லதாயிற்று என்றும் சொன்னார்.

நேயர்களில் யாரேனும் நாயோடு வருவதானால், கிழக்கு வெளுக்குமுன் புறப்பட்டு ஒன்பது மணிக்குள் நிழலுக்குத் திரும்பிவிடுங்கள். புறங்கையைப் பாறையில் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள்; நம் கை பொறுக்காத பாறையை அதன் பாதமும் பொறுக்காது. ஆறடிக் கயிற்றை அவிழ்க்காதீர்கள். புதரில் கண்ணாடி விரியன் கிடக்கலாம். வெறிநோய்த் தடுப்பூசியோடு, தேங்கிய நீரால் வரும் எலிக்காய்ச்சலுக்கான தடுப்பூசியும் போட்டிருக்கவேண்டும். தொலைவிலிருந்து இரயிலில் நாயைக் கொண்டுவருவது எளிதன்று. முதல் வகுப்பில் தனியறை முழுவதையும் பதிவு செய்யவேண்டும். இல்லையேல் கார்டு வண்டியின் கூண்டில் அது தனியே வரவேண்டும். தில்லியிலிருந்து வருகிறவர் இரண்டு இரவு அப்படி வைப்பதைக் காட்டிலும் வீட்டிலேயே ஒருவரிடம் ஒப்படைத்து வருவது மேல் என்பது நம் கருத்து.

அன்று மாலை பலமநேரிச் சாலையில் திரும்பும்போது மணி பின்னிருக்கையில் இல்லத்தாரின் மடியில் தலைவைத்து உறங்கினான். அவர் அவன் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் தடவி உண்ணிகளைப் பொறுக்கிக்கொண்டே வந்தார். ஏழு என்று கணக்குச் சொன்னார். அந்தப் பெரியவர் எம்மை மார்கழியில், விடியுமுன் வரச்சொல்லியிருக்கிறார். ஓடைக்கு மேலே, எல்லைக் கல்லுக்கு இப்பாலேயே, கோடையிலும் வற்றாத ஓர் ஊற்று உண்டாம். ஆடுகள் அங்கேதான் நீர் குடிக்குமாம். வருவதாகச் சொல்லி வந்திருக்கிறோம்.