மதிலோர எருக்கு இருக்கட்டும்

(நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வண்ணத்துப்பூச்சிகள் வர பால்கனியில் மில்க்வீட் வைக்கலாமா, விதையை ஆன்லைனில் வாங்கலாமா என்று வாட்ஸ்அப் குழுவில் சிலர் கேட்டிருந்தீர்கள்.

மில்க்வீட் என்றதும் எல்லோரும் சொல்வது அமெரிக்காவின் மோனார்க் வண்ணத்துப்பூச்சியை. அது வடபழனிக்கு வராது. ஆனால் அதன் நெருங்கிய சொந்தம் இங்கேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் பிளெயின் டைகர், தமிழில் வெந்தய வரியன். ஆரஞ்சு இறக்கை, கறுப்பு முனை, அதில் வெள்ளைத் திட்டுகள். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இது முட்டையிடத் தேடிவரும் செடி எருக்கு. ரத சப்தமிக்கு இலை வைத்துக் குளிக்கிறோமே, பிள்ளையார் சதுர்த்திக்கு மாலை வாங்குகிறோமே, அதே எருக்குதான். வண்ணத்துப்பூச்சி பல பூக்களில் தேன் குடிக்கும். புழு அப்படியில்லை, எருக்குக் குடும்பத்துச் செடிகளின் இலைதான் அதற்குச் சாப்பாடு. அந்தப் பாலில் உள்ள நஞ்சு புழுவின் உடம்பில் சேர்வதால் பறவைகள் பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை.

எருக்கு ஆள் உயரத்துக்கு மேல் வளரும்; தரைக்குத்தான் சரி. பால்கனித் தொட்டிக்கு, சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் மில்க்வீட் நர்சரியில் கிடைக்கும். அதன் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம் என்றாலும் வெந்தய வரியன் அதிலும் முட்டையிடும். வாங்கும்போது, பூச்சிமருந்து அடித்த செடியா என்று கேளுங்கள். அடித்திருந்தால் புழு பிழைக்காது. இலையெல்லாம் ஓட்டையானால் பதறாதீர்கள், திரும்பத் துளிர்க்கும்.

ஓர் எச்சரிக்கை: இரண்டு செடிகளின் பாலும் கண்ணில் படக்கூடாது. பட்டால் உடனே தண்ணீரில் நன்றாகக் கழுவி, கண் டாக்டரிடம் போங்கள். சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் எலுமிச்சை, கறிவேப்பிலை வைத்தால் போதும். அவற்றைத் தேடி வேறு வண்ணத்துப்பூச்சிகள் வரும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால், மதிலோரம் இரண்டு எருக்குகள் தானாக முளைத்திருக்கின்றன. அடுத்த சுத்தம் செய்யும் நாளில் அவற்றை வெட்டுவதாக இருக்கிறோம். இலைகளில் இப்போது புழுக்கள் இருக்கின்றன: கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரிகள், முதுகில் மூன்று ஜோடி கறுப்புக் கொம்புகள். முட்டை வண்ணத்துப்பூச்சியாக ஏறக்குறைய ஒரு மாதம்தான். பிள்ளைகள் விளையாடும் இடம் அங்கிருந்து தூரம். அந்த இரண்டையும் விட்டுவைக்கும்படி தோட்டக்காரரிடம் சொல்லிவிடுவோமா?